ராட்டினத்தில் குடை பிடித்தவர்

இந்த தேசத்தின் பாதுகாப்பு ரகசியங்கள் இத்தனை காலமும் பத்திரமாக இருப்பதற்கு ராணுவம், கடற்படை, உளவுத்துறை எல்லாம்தான் காரணம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், பாவம், உங்களுக்கு விஷயம் தெரியாது. முழுப் பொறுப்பையும் ஒற்றை ஆளாகச் சுமந்தவர் ஹைதராபாத்தில் எங்கள் வீட்டு ஓனர். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. காலனியில் எல்லோரும் 'ஒண்ணுமில்ல அண்ணாச்சி' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஒரு தொழிற்சாலையில் முப்பத்தி நாலு வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வேலையில் இருந்த காலம் முழுக்க ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். அப்புறம் பக்கத்திலேயே ஒரு காலனியில் வீடு கட்டிக்கொண்டார். கீழே அவரும் அவர் மனைவியும், மாடியில் வாடகைக்கு நான். எனக்கு ஊர் சேலம். எங்கள் பக்கம் அண்ணி என்போம். ஆனால் குடிபோன முதல் நாளே அந்த அம்மா, "என்னய மதினின்னு கூப்பிடு பிள்ள" என்று சொல்லிவிட்டதால் எனக்கும் மதினிதான்.

ஆள் ஒல்லி, குட்டை. மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. அவரிடம் தொழிற்சாலையைப் பற்றி யார் எப்படிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

"நீங்க உள்ள என்ன வேலை பாத்தீங்க அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல பிள்ள."

"சரி, அங்க என்ன தயார் பண்றாங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமே இல்லாமயா அவ்வளவு பெரிய காம்பவுண்டு சுவர்?"

"சுவரா? எந்தச் சுவர்?" என்பார். நமக்கே சந்தேகம் வந்து, சுவர் இருக்கிறதா என்று தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

ஒரு தடவை வேலைக்குப் போகிற பஸ்ஸில் அவருடைய டிபன் கேரியரிலிருந்து சாம்பார் ஒழுகிப் பக்கத்து ஆளின் பேண்ட்டை நனைத்துவிட்டதாம். அந்த ஆள் பதறிப்போய், "ஏமுந்தி சார் அந்துலோ?" என்று தெலுங்கில் கேட்டிருக்கிறார், அதில் என்ன இருக்கிறதென்று. அண்ணாச்சி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு "ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருக்கிறார். பேண்ட்டில் முருங்கைக்காய் கிடக்கிறது!

சின்ன மகளிடம் பள்ளிக்கூடத்தில் டீச்சர், "உங்க அப்பா என்ன செய்யறார்?" என்று கேட்டபோது அந்தப் பெண் எழுந்து நின்று தெளிவாகச் சொன்னாளாம்: "காலைல போவாங்க டீச்சர். சாயங்காலம் வருவாங்க."

அவள் கல்யாணப் பேச்சு அதைவிட மோசம். மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடியிலிருந்து வந்து உட்கார்ந்து, காபியெல்லாம் குடித்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தார்கள்.

"சம்பந்திக்கு என்ன உத்தியோகம்?"

"உத்தியோகந்தான்."

"எங்கன?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"கேட்டுக்கு உள்ள."

மாப்பிள்ளையின் அப்பா சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே விட்டார். மகளைப் பெற்றவன் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன் என்று நினைத்துவிட்டார் போல. நல்ல வேளை, அவர்களோடு வந்த பெரியப்பா ஒருவர் காஞ்சன்பாக்கிலேயே வேறொரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். அவர் குனிந்து அண்ணாச்சியின் காதில், "நீங்க எந்த செக்‌ஷன்?" என்று கேட்டார். அண்ணாச்சி நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். ஒரு நிமிடம் முழுசாகப் பார்த்தார். பெரியப்பா திருப்தியாகத் திரும்பி, "நிஜமான ஆளுதான், தட்ட மாத்துங்க" என்று சொல்லிவிட்டார்.

இதனால் காலனிக்குள் ஒரு கதை தானாகவே கட்டிக்கொண்டது. அண்ணாச்சி ராக்கெட் செய்தவர். சாதாரண ராக்கெட் இல்லை, பெரிய ராக்கெட். டிவியில் ஏதாவது ஏவுகணை விட்ட செய்தி வந்தால் போதும், காலனிக்காரர்கள் லட்டு டப்பாவோடு அண்ணாச்சி வீட்டு வாசலில் நிற்பார்கள். "கங்கிராட்ஸ் அங்கிள்!" அண்ணாச்சி மறுக்க மாட்டார், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார். ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

இப்பேர்ப்பட்ட மனிதரை ஊருக்கே ஊரைக் காட்டுகிற வேலையில் நான்தான் சேர்த்துவிட்டேன். என் புத்தியை எதால் அடிப்பது!

என் தொழில், ஜனங்களிடம் கேள்வி கேட்டு அவர்கள் சொல்வதைக் கம்பெனிகளுக்கு ரிப்போர்ட்டாக எழுதிக் கொடுப்பது. ஏரிக்கரையில் ஒரு தனியார் கம்பெனி பெரிய ராட்டினம் ஒன்றை நிறுத்தியிருந்தது. பொருட்காட்சியில் குடலைப் பிடுங்குமே, அந்த ஜாதி இல்லை. கண்ணாடிக் கூண்டு, ஏ.சி., உட்கார பெஞ்சு. நகர்வதே தெரியாமல் அரை மணி நேரத்தில் ஒரு சுற்று. மேலே போனால் தெற்கே சார்மினார், மேற்கே கோல்கொண்டா, வடகிழக்கே மௌலா அலி குன்று, எல்லாம் தெரியும். ஆறு மொழிகளில் ரிக்கார்டு பண்ணின குரல் ஒன்று சுல்தான்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வரும். திறந்த புதிதில் கூட்டம் நெரிந்தது. அப்புறம் ஈ ஓட்டினார்கள். ஒரு தடவை ஏறியவன் மறுதடவை வருவதில்லை. ஏன் என்று கண்டுபிடித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த மேனேஜர் சின்ன வயசு, தெலுங்குக்காரத் தம்பி. எதைச் சொன்னாலும் 'எக்ஸ்பீரியன்ஸ்' என்பான். டிக்கெட் வாங்குவது எக்ஸ்பீரியன்ஸ், வரிசையில் நிற்பது எக்ஸ்பீரியன்ஸ், கழிப்பறையும் எக்ஸ்பீரியன்ஸ்.

ஒரு வாரம் நான் மேலேயும் கீழேயும் சுற்றினேன். தலை சுற்றவில்லை, எரிச்சல்தான் வந்தது. சுல்தான் கதையை ஒரு ஜீவன்கூடக் கேட்கவில்லை. உச்சிக்குப் போனதும் எல்லாரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நம்ம வீடு எங்க?" போவன்பள்ளிக்காரர் காய்கறி மார்க்கெட்டின் கூரையைத் தேடுகிறார். ஒரு அம்மா தன் மகள் படிக்கும் காலேஜைத் தேடுகிறாள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் ஃபிளாட் இருக்கும் திசையில் ஒத்துப்போகாமல் கீழே இறங்கும்வரை சண்டை. கண்டுபிடித்தவர்களுக்கு முகமெல்லாம் பல். கண்டுபிடிக்காதவர்கள், 'இதுக்குத்தானா இவ்வளவு காசு' என்று முனகிக்கொண்டு போனார்கள்.

"ரிக்கார்டை நிறுத்துங்க. ஊர் தெரிஞ்ச ஒரு ஆளைக் கூண்டுல நிறுத்துங்க. அவங்கவங்க வீட்டைக் காட்டட்டும்" என்றேன்.

"ஆள் எவரு மேடம்?" என்றான் மேனேஜர்.

ஆள்தான் கீழ் வீட்டில் இருக்கிறாரே! ரிட்டயர் ஆன மறுநாளே அண்ணாச்சி சீனியர் சிட்டிசன் பஸ் பாஸ் வாங்கி, ஹைதராபாத்தில் ஓடுகிற அத்தனை பஸ்ஸிலும் முதல் ஸ்டாப்பிலிருந்து கடைசி ஸ்டாப் வரை போய் வந்தவர். எதற்கென்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்பது உங்களுக்கே தெரியும். கேட்டவுடன் ஒத்துக்கொண்டார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை.

முதல் இரண்டு நாள் அமர்க்களம். "உங்க ஏரியா எது? பக்கத்துல எந்த பஸ் ஸ்டாப்? மாடில இருந்து பாத்தா தண்ணித் தொட்டி எந்தப் பக்கம்?" மூன்றே கேள்வி. விரல் நீட்டினால் அங்கே வீடு. ஜனங்கள் கைதட்டினார்கள். மேனேஜர் எனக்கு ஃபோன் பண்ணி, "சூப்பர் எக்ஸ்பீரியன்ஸ் மேடம்" என்றான்.

மூன்றாம் நாள் மறுபடி ஃபோன். குரல் வேறு மாதிரி இருந்தது.

"மேடம், ஏ.சி. கேபின்ல கொடுகு எந்துகு மேடம்? லோபல வான படுதுந்தா?"

அதாவது, கூண்டுக்குள் குடை எதற்கு, உள்ளே மழையா பெய்கிறது என்று கேட்கிறான். ஓடிப்போய்ப் பார்த்தேன். நிஜம்தான். கூண்டு பாதி உயரம் போனதும் அண்ணாச்சி எழுந்து, தென்கிழக்கு மூலைக் கண்ணாடிக்கு முதுகைக் கொடுத்து நின்று, குடையை விரித்துப் பின்னால் பிடித்துக்கொள்கிறார். அந்தப் பக்கம்தான் காஞ்சன்பாக்.

"உதர் நக்கோ, இதர் தேகோ" என்று கூட்டத்தை ஏரிப்பக்கம் திருப்பினார்.

"கைக்கு சாப்?" என்று ஒருவர் கேட்டார், ஏன் பார்க்கக் கூடாதென்று.

"உதர் ஒண்ணுமில்ல."

கீழே இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். "அண்ணாச்சி, இங்கேருந்து காஞ்சன்பாக் எவ்வளவு தூரம்! ஒரு கட்டடம்கூடத் தெரியாது. செல்ஃபோனைத் திறந்தா சாட்டிலைட்லேருந்து எடுத்த படமே கிடைக்குது. உங்க குடை எதை மறைக்குது?"

"ஃபோன்ல பாக்கிறவன் பாத்துக்கிடட்டும். நான் நின்னுக்கிட்டு காட்ட மாட்டேன். வேலைக்குச் சேந்த அன்னைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"ரிட்டயர் ஆயிட்டீங்களே!"

"கையெழுத்து ரிட்டயர் ஆகல்ல பிள்ள."

இவரிடம் பேசி ஜெயிக்க முடியுமா? ஒரு நாள் மோட்டார் கோளாறாகி ராட்டினம் நின்றுவிட்டது. அண்ணாச்சியின் கூண்டு உச்சியில். ரொம்ப நேரம். மற்ற கூண்டுகளில் எல்லாரும் கத்தினார்கள், அழுதார்கள், வீட்டுக்கு ஃபோன் செய்தார்கள். அண்ணாச்சி குடையை மடக்கவில்லை. கை ஓய்ந்துபோனதும் ஒரு சர்தார்ஜி எழுந்து வந்து, "நீங்க உக்காருங்க, நான் கொஞ்ச நேரம் பிடிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு பள்ளிக்கூட டீச்சர். இப்படி முறை போட்டுக்கொண்டு, எதை மறைக்கிறோம் என்றே தெரியாமல் தேசத்தைக் காப்பாற்றினார்கள்.

இன்னொரு நாள் குவார்ட்டர்ஸிலிருந்து மூன்று குடும்பங்கள் ஒன்றாக வந்தன. எல்லாம் பாதுகாப்புத் துறை உத்தியோகம். அவர்களுக்கு அண்ணாச்சி குடையே விரிக்க வேண்டியிருக்கவில்லை. கூண்டு மேலே ஏறினதும் பெரியவர்கள், குழந்தைகள் எல்லாரும் தாங்களாகவே வடமேற்குப் பக்கம் திரும்பி, சாமி கும்பிடுகிற மாதிரி வரிசையாக நின்றுகொண்டார்கள். தென்கிழக்கில் யானையே பறந்தாலும் அவர்களில் ஒருவர்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

மேனேஜர் அண்ணாச்சியை வேலையை விட்டு அனுப்பத்தான் நினைத்தான். அதற்குள் கதை தலைகீழாகிவிட்டது. குடை விஷயம் ஊரெல்லாம் பரவி, டிக்கெட் கவுண்டரில் வருகிறவனெல்லாம் "சத்ரி வாலா டப்பா கௌன்சா?" என்று கேட்க ஆரம்பித்தான், குடைக்காரர் கூண்டு எது என்று. மற்ற கூண்டுகள் காலியாகச் சுற்றும், அண்ணாச்சி கூண்டுக்கு மட்டும் வரிசை. ஒரு தடவை வந்தவன் குடைக்குப் பின்னால் என்ன என்று தெரியாமல் தூக்கம் கெட்டு, மச்சானையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தான். குடையின் இடது ஓரமாக எதையோ பார்த்ததாகச் சிலர் சத்தியம் செய்தார்கள். மேனேஜர் புதுக் குடையே வாங்கிக் கொடுத்தான், கம்பெனி பெயர் போட்டு. அண்ணாச்சி அதை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, தன் பழைய குடையையே விரித்தார்.

இப்படியாக எல்லாம் சுபமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மத்தியானம் மதினி முட்டிவலியோடு மாடிப்படி ஏறி வந்து, என் வாசல்படியில் உட்கார்ந்தார்.

"பிள்ள, உன் ராட்டினத்துக்கு எனக்கு ஒரு சீட்டு வாங்கித் தருவியா?"

"சீட்டு எதுக்கு மதினி? அண்ணாச்சிகிட்ட சொன்னா அவரே கூட்டிட்டுப் போவாரே."

"கேட்டாச்சு. எல்லாப் பக்கமும் காட்டுதேன், அந்தப் பக்கம் மட்டும் கேக்காதங்காக. எனக்கு அந்தப் பக்கம் மட்டுந்தான் வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீங்களுமா மதினி?" என்றேன். மதினி சிரிக்கவில்லை.

"சின்னவ பொறந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதுல்லா. காலைல இவுக டூட்டிக்குப் போயாச்சு. எனக்கு வலி எடுத்திருச்சு. பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மாதான் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா. பிள்ள பொறந்த பெறகு ரத்தம் நிக்கல. கையெழுத்துப் போட வீட்டுக்காரர் எங்கன்னு டாக்டரம்மா கேக்காக. கேட்டுக்கு ஆள் போச்சு. இவுக வரல. அந்த அம்மாவே கையெழுத்துப் போட்டா. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து நிக்காக, கையெல்லாம் மண்ணு. எங்க இருந்தீயன்னு கேட்டேன். என்ன சொல்லியிருப்பாக, நீயே சொல்லு."

நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன்.

"சண்டைக்குக் கேக்கல பிள்ள. வயசாயிருச்சு. அடுத்த மாசம் புனேல அந்தச் சின்னவ வீட்டுக்கே போயிருதோம், இனி அங்கதான். அந்தச் சுவரு வரைக்கும் எனக்கு நல்லாத் தெரியும். முப்பத்தி நாலு வருசம் அதுக்கு இந்தப் பக்கம் துணி காயப் போட்டிருக்கேன். நான் சாகக் கெடந்தப்ப சுவருக்கு அந்தப் பக்கம் இவுக எங்க நின்னாக, அதத் தெரிஞ்சுக்கிடாம இந்த ஊர விட்டு எப்பிடிப் போக?"

அன்றைக்குச் சாயங்காலம் கம்பெனிக்கு எழுத வேண்டிய ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்தேன். ஜனங்கள் ஊரைப் பார்க்க ஏறுகிறார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர்கள் தங்களுக்குச் சொந்தமான ஏதோ ஒன்றைத் தேடித்தான் ஏறுகிறார்கள் என்று. மேனேஜர் படித்துவிட்டு, "கொஞ்சம் ஃபிலாசஃபி ஜாஸ்தி மேடம்" என்றான். போடா, உனக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வேலை நாளாகப் பார்த்து, காலை முதல் சுற்றுக்கு மதினியைக் கூட்டிக்கொண்டு போனேன். கூண்டில் ஒரு புதுமணத் தம்பதி, இரண்டு காலேஜ் பெண்கள், நாங்கள். வாசலில் நின்ற அண்ணாச்சி மதினியைப் பார்த்ததும் ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு கையை நீட்டினார்.

"டிக்கெட்?"

மதினி கொடுத்தார். அண்ணாச்சி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஓரத்தைக் கிழித்துத் திருப்பிக் கொடுத்தார். "உள்ள உக்காருங்கம்மா."

கூண்டு ஏற ஆரம்பித்தது. புதுப்பெண்ணுக்கு மௌலா அலியில் அம்மா வீடு. காட்டினார். காலேஜ் பெண்களுக்கு ஹாஸ்டலைக் காட்டினார். குரல் வழக்கம்போல இல்லை. பாதி உயரம் வந்ததும் மூலைக்குப் போய்க் குடையை விரித்தார். மதினி பெஞ்சைப் பிடித்து எழுந்து, நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"குடைய மடக்குங்க."

"உக்காருங்க மேடம்."

"மேடமா? யாரு, நானா?"

அண்ணாச்சி மேலே பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே ஃபேன்கூட இல்லை.

"இந்தா பாருங்க, உள்ள என்ன செய்யுதாகன்னு எனக்கு வேண்டாம். அத நீங்களே வச்சுக்கிடுங்க. சின்னவ பொறந்த அன்னைக்கு நீங்க எங்க நின்னீய? அந்த இடத்த மட்டும் காட்டுங்க. நான் பெறகு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். யார் வேலை இது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். கூண்டு உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. விட்டால் இறங்க ஆரம்பித்துவிடும். அடுத்த மாதம் புனே. 'சொல்லித் தொலையுங்களேன் அண்ணாச்சி' என்று கத்தலாம் போல இருந்தது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. உதர் தேகோ, ப்ளீஸ்."

புதுமணத் தம்பதி திரும்பினார்கள். காலேஜ் பெண்கள் திரும்பினார்கள்.

"நீயுந்தான் பிள்ள."

திரும்பினேன். ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் குடை மடங்கும் சத்தம் கேட்டது.

"அங்க பாரு. வீடெல்லாம் முடிஞ்சு பச்சையா ஒரு பட்டை தெரியுதா?"

"தெரியுது."

"அதுல பாதி நான் வச்சது. நான் தோட்டப் பிரிவு."

"அது எனக்குத் தெரியும். முப்பத்தி நாலு வருசம் உங்க கால்சட்டை முட்டில மண்ணு கசக்குனவ நான். ராக்கெட்டுல ஏது மண்ணு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் கொடுத்த லட்டெல்லாம்! ஆனால் திரும்பவில்லை.

"அன்னைக்கு டெல்லில இருந்து பெரிய ஆள் வாராகன்னு, சாயங்காலத்துக்குள்ள உள் ரோட்டோரம் பூராக் கன்னு வச்சு முடிக்கச் சொல்லிட்டாக. யாரையும் வெளிய விடல. பன்னெண்டு மணிக்கு கேட்ல இருந்து ஒருத்தன் வந்து, பொம்பளப் பிள்ளன்னு சொன்னான். உனக்கு ரொம்ப முடியலன்னும் சொன்னான். இப்ப எப்பிடி இருக்குன்னு கேட்டேன். அவனுக்குத் தெரியல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வரிசையா நெட்டிலிங்கம் வைக்கணும்னுதான் ப்ளான். நர்சரி மூலைல ஒரே ஒரு மகிழங்கன்னு கெடந்துச்சு. அத எடுத்துட்டு வந்து வரிசைக்கு நடுவுல நட்டுட்டேன். நீ பிழைச்சு எந்திரிக்கணும்னு நேந்துக்கிட்டு நட்டேன். என் சர்வீஸ்ல உத்தரவு இல்லாம நான் செஞ்ச காரியம் அது ஒண்ணுதான்."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"வெளிய தெரிஞ்சா வெட்டிருவாக."

மனுஷன் இத்தனை நாளும் ஊரைத் திரும்பி நிற்கச் சொல்லிக் குடை பிடித்தது தேசத்துக்காக என்றல்லவா நினைத்தேன்! (மரத்தின் பெயரை இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். யாராவது கோடாரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடப் போகிறார்கள்.)

"அந்த மரம் இங்கருந்து தெரியுதா?"

"தெரியாது. நான் கையக் காட்டுத இடத்தப் பாத்துக்கோ. அந்தப் பச்சைல இடது ஓரம். அங்கதான் நின்னேன், சாயங்காலம் வரைக்கும்."

மதினி கேட்டார்.

"பூக்குதா?"

"பூக்கும். காலைல போனா அடியில பூராக் கொட்டிக் கெடக்கும். ரோடே மணக்கும்."

"ஒரு நாளாவது எனக்கு ரெண்டு பூ எடுத்துட்டு வந்திருக்கலாம்லா?"

"எப்பிடிளா கொண்டு வர? கேட் பாஸ் இல்லாம உள்ள இருந்து ஒரு பொருள் வெளிய வரக் கூடாது."

மதினி சிரிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் நடுவில் மூக்கை உறிஞ்சினார். அண்ணாச்சி, "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

கூண்டு மெதுவாக இறங்கியது. எனக்குப் பக்கத்தில் நின்ற புதுப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்தப் பச்சையை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. அண்ணாச்சி இன்னும் 'திரும்பலாம்' என்று சொல்லவில்லை. தரைக்கு வந்து கதவு திறக்கும்வரைக்கும் சொல்லவில்லை. மறந்தே போய்விட்டார், பாவம். நாங்கள் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.